பேயை நம்பலாம், ஊரை நம்ப முடியவில்லை: கைவிடப்பட்ட நகரங்களும் திகில் கதைகளும்

ஜனவரி 6, வாசகர் கேள்வி

உக்ரைனின் பிரிப்யாத் நகரத்தை வைத்து ஒரு திகில் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். செர்னோபில் அணு உலை வெடித்த இரவிலேயே ஊர் முழுவதும் ஓடிவிடுகிறது. கடிகாரங்கள் எல்லாம் 1.23 மணியில் நின்றுவிடுகின்றன. அதன்பின் மனிதக் காலே படாத அந்த ஊருக்குள் 2010-இல் நான்கு இளைஞர்கள் நுழைகிறார்கள். முதல் அத்தியாயத்தைப் படித்த நண்பர் தகவல் பிழைகள் மலிந்திருப்பதாகச் சொல்கிறார். பேயே வரும் கதையில் தகவல் சரியாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன? பேயை ஏற்றுக்கொள்ளும் வாசகர் கடிகாரத்தைப் போய்ப் பிடித்துக்கொள்வது ஏன்?

ஜனவரி 6, இரவு

பேயை ஏற்றுக்கொண்டதனால்தான் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறார். வாசகர் எழுத்தாளருக்கு ஒரு பொய்யை இனாமாகத் தருகிறார். அந்த ஒன்றை வாங்கிக்கொண்ட பிறகு மற்ற எல்லாவற்றுக்கும் விலை கொடுத்தாக வேண்டும். ஒரு சிற்றிதழுக்கு வரும் கதைகளை முதல் வாசிப்பு பார்த்துக் கழித்துக்கட்டும் வேலையைச் சில காலம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேய் நம்பும்படி இல்லை என்பதற்காக நான் ஒதுக்கிய கதை ஒன்றுகூட நினைவில் இல்லை. ஊர் நம்பும்படி இல்லை என்பதற்காக ஒதுக்கியவை ஏராளம்.

உங்கள் கடிகாரத்துக்கு வருகிறேன். நான்காம் உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23 மணிக்கு. அது சனிக்கிழமை. மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்த பிரிப்யாத்தில் விடிந்ததும் பள்ளிகள் வழக்கம்போல் நடந்தன, கடைகள் திறந்தன, அன்று ஒரு திருமணமும் நடந்தது. ஓர் இரவும் ஒரு முழுப் பகலும் இன்னோர் இரவும் கழிந்து, 27-ஆம் தேதி பிற்பகலில்தான் வெளியேற்றம் தொடங்கியது. ஏறத்தாழ 49,000 பேர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகள், சில மணி நேரம்: ஊர் காலியாகிவிட்டது. அந்த வீடுகளின் கடிகாரங்கள் 1.23-இல் நிற்க எந்தக் காரணமும் இல்லை. அவை வெடிப்புக்குப் பிறகு ஒன்றரை நாள், பார்ப்பதற்கு ஆட்கள் இருக்க, சரியான நேரத்தையே காட்டின.

இதில் எது அதிகம் பயமுறுத்துகிறது? நின்ற கடிகாரமா, அல்லது அந்தச் சனிக்கிழமை வெயிலில் பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்ததா?

ஜனவரி 7

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒலிபெருக்கியிலும் வானொலியிலும் மக்களுக்குச் சொல்லப்பட்டது தற்காலிக வெளியேற்றம் என்றுதான். அடையாள ஆவணங்கள், அத்தியாவசியப் பொருட்கள், கொஞ்சம் உணவு ஆகியவற்றை எடுத்துக்கொண்டால் போதும் என்றார்கள். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் ஊர் பேருந்தில் ஏறியது. வளர்ப்புப் பிராணிகளை ஏற்றிக்கொள்ள அனுமதி இல்லை. பின்னர் நாய்களின் ரோமத்தில் கதிரியக்கத் தூசி பரவுகிறது என்று அவற்றைச் சுட்டுக்கொல்வதற்கென்றே ஆட்களை அனுப்பினார்கள். அதில் தப்பியவற்றின் சந்ததிகள் இன்றும் அங்கே திரிகின்றன.

"ஊரே ஓடிவிடுகிறது" என்று நீங்கள் எழுதியது இந்த இடத்தில்தான் தவறுகிறது. ஓடியவர்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள். பிரிப்யாத் மக்கள் அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, வரிசையில் நின்று போனார்கள். உங்கள் பேய் பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறதா, திறந்த வீட்டுக்குள் இருக்கிறதா என்பது சிறிய வேறுபாடு அன்று.

ஜனவரி 9

"2010-இல் விடுதிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்தில் கதாநாயகன் வாந்தி எடுக்கிறான், முடி கொட்டுகிறது" என்று இரண்டாம் அத்தியாயத்தை இங்கே இட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு சீவெர்ட். உடல் முழுவதும் ஒரே தடவையில் நான்கு சீவெர்ட் அளவு வாங்கினால், சிகிச்சை இல்லாத நிலையில் ஏறக்குறைய பாதிப் பேர் இறக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வருவதற்கும் அதையொட்டிய பெரிய அளவே வேண்டும். பிரிப்யாத் தெருவில் மணிக்கு ஒரு மைக்ரோசீவெர்ட், அதாவது ஒரு சீவெர்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, என்று வைத்துக்கொண்டால், நான்கு சீவெர்ட் சேர்வதற்கு நாற்பது லட்சம் மணி நேரம் ஆகும். அதாவது உங்கள் கதாநாயகன் சுமார் 450 ஆண்டுகள் அந்தத் தெருவிலேயே நிற்க வேண்டும். அதற்குள் அவனே பேயாகிவிடுவான்.

தெருவுக்குத் தெரு, அடிக்கு அடி அளவு மாறும் என்பது உண்மை. தீயணைப்பு வீரர்களின் உடைகளைக் கழற்றிப் போட்ட மருத்துவமனை நிலவறை போன்ற இடங்கள் பல மடங்கு மோசமானவை. ஆனால் அங்கேயும் ஒரு மணி நேரத்தில் முடி கொட்டாது. கடும் கதிர்வீச்சிலும் முடி கொட்ட இரண்டு மூன்று வாரங்கள் ஆகும்.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

உண்மையான நோய் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனெனில் எழுத்தாளர்கள் கற்பனையில் செய்வதைவிட அது கொடூரமானது. முதலில் வாந்தி வரும். பிறகு அது நின்றுவிடும். நோயாளி தெளிவாகப் பேசுவார், பசிக்கிறது என்பார், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு சீட்டாடுவார். இந்த இடைவெளி நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீளலாம். உள்ளே எலும்பு மஜ்ஜையும் குடலின் உட்சுவரும் புதிய செல்களை உண்டாக்குவதை நிறுத்தியிருக்கும். பழைய செல்கள் தீரும்வரைதான் அந்த நலம். செர்னோபிலில் கடும் கதிர்வீச்சு நோய் உறுதிசெய்யப்பட்டவர்கள் 134 பேர். அவர்களில் 28 பேர் முதல் சில மாதங்களுக்குள் இறந்தார்கள். ஒருவர் நன்றாகத் தேறிவிட்டதாக அவரே நம்பிக்கொண்டிருக்கும் அந்த நாட்களை எழுதிக் காட்டுகிற திகில் கதைக்குப் பேயே தேவைப்படாது.

இன்னொன்று: பச்சை ஒளி வேண்டவே வேண்டாம். பழைய கைக்கடிகார முட்களில் ரேடியம் கலந்த பூச்சு பச்சையாக ஒளிர்ந்ததனால் பரவிய எண்ணம் அது. ஒளிர்ந்ததும் ரேடியம் அன்று, அதனோடு சேர்த்த துத்தநாக சல்பைடு. வெடிப்பில் பரவிய கதிரியக்கச் சீசியம் படிந்த சுவர் வெறும் சுவராகத்தான் இருக்கும்.

ஜனவரி 12

"எதுவும் ஒளிராது, யாருக்கும் வாந்தி வராது என்றால் பிறகு அந்த ஊரில் பயப்பட என்ன இருக்கிறது?" என்று கேட்கிறீர்கள். பாசி இருக்கிறது.

நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 2022 போருக்கு முன் அங்கே அழைத்துச் சென்ற வழிகாட்டிகள் பார்வையாளர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன எச்சரிக்கை, பாசியின் மேல் கால் வைக்காதீர்கள் என்பதுதான். வெடிப்புக்குப் பின் முதல் வாரங்களில் ஆபத்து அயோடின் 131-இலிருந்து வந்தது. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், எட்டு நாள் என்பதால், எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. தங்கியவை 30 ஆண்டு அரை ஆயுள் கொண்ட சீசியம் 137-உம் அதையொட்டிய ஆயுள் கொண்ட ஸ்ட்ரான்சியம் 90-உம். தார்ச்சாலையை மழை கழுவிவிடும். பாசி பிடித்து வைத்துக்கொள்ளும். பாழடைந்த மழலையர் பள்ளியில் தலை சாய்ந்து கிடக்கும் பொம்மையைப் பார்த்து வாசகர் நடுங்க வேண்டும் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அந்தப் பொம்மைகளில் பல, புகைப்படம் எடுக்க வந்தவர்கள் தூக்கி அழகாக அமர்த்திவிட்டுப் போனவை. கட்டில்மேல் இருக்கும் நச்சுவாயு முகமூடியும் பெரும்பாலும் அப்படித்தான். அதே அறையின் வாசலில் மெத்தென்று படர்ந்திருக்கும் பசுமைதான் ஆபத்து. அழகானது தீயது, கோரமானது போலி. ஒரு கதைக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ய முடியாது.

காடும் அப்படித்தான். உலைக்கு அருகிலிருந்த பைன் மரங்கள் செத்து, செந்நிறமாக மாறியதால் அதற்குச் செங்காடு என்றே பெயர் வந்துவிட்டது. பைன் எளிதில் சாகும் இனம். பக்கத்திலேயே பிர்ச் மரங்கள் தாக்குப்பிடித்தன. செத்த மரங்களைச் சாய்த்துப் புதைத்தார்கள். உதிர்ந்த இலைகளைப் பைகளில் கட்டி வெவ்வேறு இடங்களில் வைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது: மாசு மிகுந்த இடங்களில் இலை மக்குவது குறைவாக இருந்தது, ஏனெனில் மக்க வைக்கும் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் பாதிக்கப்பட்டிருந்தன. செத்தது செத்தபடியே கிடக்கிற காடு. உங்கள் கதையில் வரும் மூன்று தலை ஓநாயை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 12, இரவு

ஓநாயைப் பற்றி ஒரே வரி: அங்கே ஓநாய்கள் நிறைய உண்டு, எல்லாவற்றுக்கும் தலை ஒன்றுதான். கடுமையான பிறவிக் குறை உள்ள குட்டி வளர்ந்து மனிதரைத் துரத்தும் அளவுக்கு உயிரோடு இருப்பதில்லை.

ஜனவரி 15

"மனிதக் காலே படாத ஊர்" என்ற தொடர் என்னை நான்கு நாட்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது. இந்த வகைக் கதைகள் எல்லாவற்றிலும் இருக்கும் அடிப்படைக் குறை இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. காலியான ஊர் என்று ஒன்று கிடையாது. காலி செய்யப்பட்ட ஊர் உண்டு. காலியாகவே வைத்திருக்கப்படும் ஊர் உண்டு. அப்படி வைத்திருப்பதற்கு ஆட்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும்.

பிரிப்யாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியேறியவர்களில் பலர் அனுமதிச் சீட்டோடு திரும்பி வந்து பொருட்களை எடுத்துப் போனார்கள். பிறகு துப்புரவு ஆட்கள் வந்தார்கள், பிறகு திருடர்கள் வந்தார்கள். கதவுப் பிடியிலிருந்து வெப்பமூட்டும் குழாய்வரை உலோகமாக இருந்த அனைத்தும் போயிற்று. மின்நிலையம் மூடப்படவில்லை: மற்ற மூன்று உலைகளையும் மீண்டும் இயக்கினார்கள். இரண்டாம் உலை 1991-இல் ஒரு தீ விபத்துக்குப் பின் நிறுத்தப்பட்டது, முதல் உலை 1996-இல், மூன்றாவது 2000 டிசம்பரில். பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாக, வெடித்த உலையின் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கானோர் ஷிப்ட் முறையில் வேலைக்கு வந்து போனார்கள். அவர்கள் குடியிருப்பதற்காக ஸ்லாவுதிச் என்ற புதிய நகரத்தையே கட்டினார்கள். உலையைச் சுற்றிக் குடியிருக்கத் தடை செய்து விலக்கப்பட்ட வட்டாரத்துக் கிராமங்களுக்கு, பெரும்பாலும் வயதானவர்கள், அரசு தடுத்தும் கேளாமல் திரும்பிப் போய்க் குடியேறினார்கள். தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் சற்று அதிகமாக இருந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவிட்டார்கள். ஈஸ்டருக்குப் பிந்தைய நாட்களில் முன்னோர் கல்லறைகளைப் பார்க்க, பழைய குடிகளை உள்ளே விடும் வழக்கம் இருந்தது. இறந்தவர்கள் நிரந்தரமாக அங்கேயே இருக்க, உயிரோடிருப்பவர்கள் சோதனைச் சாவடியில் பெயர் கொடுத்துவிட்டு வந்து பார்த்துத் திரும்ப வேண்டிய நிலை.

2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்யப் படை அந்த வட்டாரத்தைக் கைப்பற்றி, மார்ச் முடிவு வரை வைத்திருந்து, செங்காட்டில் பதுங்குகுழி தோண்டியது. மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்ததை மண்வெட்டியால் கிளறினார்கள். நீங்கள் கதையில் எழுதியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

ஜனவரி 18

நிலவியல் படித்த நண்பர் ஒருவர், பிரிப்யாத்தையே சுற்றிவர வேண்டாம், பென்சில்வேனியாவின் சென்ட்ராலியாவைப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறார். நல்ல யோசனை. 1962-இல் அங்கே நிலக்கரிப் படுகையில் பற்றிய தீ இன்னும் அணையவில்லை. 1981-இல் ஒரு சிறுவன் பாட்டி வீட்டுக் கொல்லைப்புறத்தில் திடீரென்று திறந்த குழிக்குள் விழுந்து, மரவேரைப் பிடித்துக்கொண்டு, உறவுக்காரப் பையன் ஒருவன் இழுத்துவிட்டதால் பிழைத்தான். அதன்பின் அமெரிக்க நாடாளுமன்றம் மக்களை இடம்பெயர்க்க 4.2 கோடி டாலர் ஒதுக்கியது, 1992-இல் மாநில அரசு வீடுகளைக் கையகப்படுத்தியது, 2002-இல் அஞ்சல் குறியீட்டு எண்ணையே நீக்கிவிட்டார்கள். அப்படியும் ஒரு சிலர் போக மறுத்து வழக்காடி, 2013-இல் தங்கள் ஆயுள் உள்ளவரை இருக்கலாம் என்ற உடன்பாட்டைப் பெற்றார்கள்.

ஆனால் நண்பர் இந்த ஊரைத் தரையிலிருந்து எழும் புகைக்காகப் பரிந்துரைக்கிறார். எனக்கு அந்த வீடுகளின் நிலவறைகளில் வைத்திருந்த வாயு அளக்கும் கருவிகள்தான் முக்கியமாகப் படுகின்றன. கீழே எரியும் நிலக்கரியிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் தலைவலி வரும், மார்பை யாரோ அழுத்துவதுபோல் இருக்கும், இல்லாததைக் கேட்கவும் காணவும் செய்யும். அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்று 1921-இல் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வெளியிட்டது. பழைய வீடு ஒன்றுக்குக் குடிவந்த பிறகு காலடி ஓசைகள், அறையில் நிற்கும் உருவங்கள், வேலைக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஓயாத தலைவலி, வாடிப்போன செடிகள். கடைசியில் பழுதான உலைக்களத்திலிருந்து கரும்புகைக் குழாய்க்குப் போகாமல் வாயு வீட்டுக்குள்ளேயே கசிந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதைச் சரிசெய்ததும் பேய்கள் போயின.

கீழே எரியும் ஊர், மேலே வாயு, வீட்டில் உருவங்கள். அறிவியலும் திகிலும் கைகோத்துவிட்டன, கதை முடிந்தது.

ஜனவரி 19

முடியவில்லை. இரவு யோசித்துப் பார்த்தபோது நேற்றைய யோசனையில் எனக்கே திருப்தி இல்லை. எல்லாம் வாயுவின் வேலை என்று முடிகிற கதை துப்பறியும் கதை; குற்றவாளி மட்டும் ஒரு வாயு. வாசகர் இனாமாகக் கொடுத்த அந்த ஒரு பொய்யையும் நாம் திருப்பிக் கொடுத்துவிட்டோம், அதை அவர் நன்றியோடு பெற்றுக்கொள்ள மாட்டார்.

வேறு வழி இருக்கிறது. வாயுக் கருவி உயர்ந்த அளவு காட்டிய இரவுகளில் எல்லாம் உருவம் வருகிறது, குடும்பம் பழகிவிடுகிறது, எண்ணைப் பார்த்துவிட்டுச் சன்னலைத் திறக்கிறார்கள், உருவம் போய்விடுகிறது. பிறகு ஓர் இரவு உருவம் வருகிறது, எண்ணைப் பார்க்கிறார்கள், சுழியம். அறிவியலை இவ்வளவு கறாராகக் கடைப்பிடித்தால்தான் அந்தச் சுழியத்துக்கு விலை கிடைக்கும். முதல் நாள் நான் சொன்னதற்கு இதுதான் சரியான உதாரணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 23

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம்மிடம் தனுஷ்கோடி இருக்கும்போது எதற்கு உக்ரைன்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தனுஷ்கோடியை வைத்து எழுதப்பட்ட கதைகளையும் நான் நிறையக் கழித்துக்கட்டியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் 1964 டிசம்பர் 22 இரவு, புயல், கடலுக்குள் போன பாம்பன் - தனுஷ்கோடி பயணிகள் ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள், அதுவரை சரி. அடுத்த வரியிலேயே "அன்றிலிருந்து அங்கே ஆளரவமே இல்லை" என்று வந்துவிடும். புயலுக்குப் பின் அரசு அந்த இடத்தை வாழத் தகுதியற்றதாக அறிவித்தது உண்மை, ரயில் பாதை ராமேஸ்வரத்தோடு நின்றுபோனதும் உண்மை. ஆனால் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்தன, அங்கேயே இருக்கின்றன.

தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனைக்குச் சாலை வருவதற்கு முன், ஈர மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு நான் அங்கே போயிருக்கிறேன். இடிந்த தேவாலயத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்த எங்களுக்குப் பின்னால் ஓர் அம்மா சங்கு மாலை விற்றுக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சற்றுத் தள்ளி மணலில் பறித்திருந்த ஊற்றைக் காட்டினார். இரு பக்கமும் கடல் இருக்க, கையளவு ஆழத்தில் நல்ல தண்ணீர்: மணலுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் தங்கி நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும் என்றும் சொன்னார். படம் எடுத்த எவர் சட்டகத்திலும் அவர் வரவில்லை, அனைவரும் நகர்ந்து நின்று எடுத்தார்கள். நானும்தான்.

இந்தக் கதைகளும் அதைத்தான் செய்கின்றன. தனுஷ்கோடிக் கதை எழுதுகிறவர் அந்த ஊற்றை உள்ளே கொண்டுவரட்டும்; எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிற ஊரில், அந்த எல்லையைத் தாண்டித் தோண்டுகிற ஒருவர் வந்தாலே கதை தொடங்கிவிடும்.

ஜனவரி 24

கட்டடச் சிதைவைப் பற்றிச் சுருக்கமாக. 1988-இல் நடக்கும் பிரிப்யாத் கதையில் தரையைப் பிளந்து மரம் நிற்கக் கூடாது. 2010-இல் நடக்கும் கதையில் படுக்கை விரிப்பு மடிப்புக் கலையாமல் இருக்கக் கூடாது. தட்டையான கூரையில் நீர் தேங்கி, விரிசலில் இறங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, வேனிலில் உருகி மேலும் உள்ளே இறங்கும். அங்கே கட்டடத்தைக் கொல்வது கதிர்வீச்சு அன்று, பனிக்காலம். 2005-இல் ஒரு பள்ளிக்கூடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தனுஷ்கோடியில் உறைபனி இல்லை, உப்புக்காற்று உண்டு. அங்கே சுவர் வேறு விதமாகத் தேயும். ஒன்றுக்கான வருணனையை மற்றதற்கு மாற்றி ஒட்டாதீர்கள்.

ஜனவரி 27

அப்படியானால் கதையை எந்த ஆண்டில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் 2010-ஐ விட்டுவிட்டு 1995 குளிர்காலத்தில் வைப்பேன். பூங்காவின் ராட்டினம் ஒன்பது ஆண்டுகளாகத் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. 1986 மே முதல் நாள் திறப்பதாக இருந்த பூங்கா அது. வீடுகள் சூறையாடப்பட்டுவிட்டன. ஆனால் அதே ஊரில் ஒரு கட்டடத்தில் மட்டும் விளக்கு எரிகிறது, நீச்சல் குளத்தில் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, வட்டாரத்தில் வேலை செய்பவர்கள் அங்கே வந்து நீந்திவிட்டுப் போகிறார்கள். இது கற்பனை இல்லை. அந்தக் குளம் தொண்ணூறுகளின் நடுப்பகுதியைத் தாண்டியும் பயன்பாட்டில் இருந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளி இரண்டு உலைகள் மின்சாரம் தயாரித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் நான்கு இளைஞர்களுக்குப் பதிலாக ஷிப்ட் முடிந்து குளிக்க வரும் நால்வரை வையுங்கள். ஐந்தாவதாக ஒருவர் நீந்திக்கொண்டிருக்கட்டும், அவர் யார் என்பது உங்கள் பாடு.

எழுதத் தொடங்கும் முன் ஒன்று மட்டும்: அந்தக் குளத்துக்கு ஒரு காவலாளி தேவைப்படுவார். அவருக்குச் சம்பளம் எந்த அலுவலகத்திலிருந்து வருகிறது, அவர் எந்தப் பேருந்தில் வீடு திரும்புகிறார் என்பதைத் தீர்மானித்துவிட்டு, பேயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.